மலபார்த் துப்பாக்கியின் விசை: எங்கிருந்து வந்தது, ஏன் நிலைத்தது?

மலபார்க் கரையின் பழைய திரித் துப்பாக்கி ஒன்றையும் வட இந்தியத் திரித் துப்பாக்கியான தோரதார் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரிய வேறுபாடு விசையமைப்பில்தான் இருக்கிறது. குழலும் மருந்தும் ரவையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் வாய்வழியாகவே மருந்தைக் கெட்டிக்கிறார்கள். எரியும் திரியை மருந்தருகே கொண்டுசேர்க்கும் பொறி மட்டும் வெவ்வேறு சிந்தனையில் பிறந்திருக்கிறது. மலபார்த் துப்பாக்கியின் உறவினர்களைத் தேடிப் போனால் தில்லியோ லாகூரோ கிடைப்பதில்லை. கோவா, இலங்கை, மலாய்த் தீவுகள், கடைசியில் ஜப்பான் வரை கடலோடு போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பொறி யாருடையது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. போர்த்துகீசியர் தந்தது என்கிறார்கள் சிலர். துருக்கியர் வழி வந்தது என்பது இன்னொரு கட்சி. கோவாக் கொல்லர்களின் கலப்புப் படைப்பு என்பது மூன்றாவது. இதனோடு இரண்டாவது கேள்வி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லால் சுடும் துப்பாக்கி கண்ணெதிரே வந்த பிறகும் இந்தியாவில் திரி ஏன் இத்தனை காலம் நீடித்தது? இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கொச்சியை நடுவில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1500 டிசம்பரில் போர்த்துகீசியக் கடற்படைத் தலைவர் கப்ரால் வந்திறங்கியதும், 1503இல் போர்த்துகீசியரின் முதல் இந்தியக் கோட்டை எழுந்ததும் இங்கேதான். 1662இல் டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனைவரை வந்து போரிட்டதும், அடுத்த ஆண்டு கோட்டையைப் பிடித்ததும் இங்கேதான். ஐரோப்பியத் துப்பாக்கியும் மலபார்க் கொல்லனின் உலையும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களுள் இது மிகப் பழையது.

பொறியும் அதன் கோளாறுகளும்

விடைகளை எடைபோடப் பொறியைப் புரிந்துகொள்வது அவசியம். எழுதியவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்பதே என் குறை.

தோரதாரில் திரியைக் கவ்விய குதிரையும் கீழே உள்ள விசையும் கட்டைக்குள் நெம்புகோலால் பிணைந்திருக்கின்றன. ஏற்றத்தின் துலாவைப் போல ஒரு முனை மேலே போனால் மறுமுனை இறங்கும். விரல் விசையை மெல்ல அழுத்தினால் குதிரையும் மெல்ல இறங்கி மருந்துக் கிண்ணியைத் தொடும். விரலை எடுத்தால் திரும்பி எழும். இதை நெம்புவிசை என்போம். மலபார் வகையில் குதிரையைக் கையால் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். ஒரு சிறு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். விசையைத் தொட்டதும் கொக்கி விலக, வெளியே தெரியும் வளைந்த வில் குதிரையை முன்னோக்கி எறியும். இதை வில்விசை என்போம்.

நெம்புவிசையில் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமில்லை. அச்சாணி தேய்ந்தால் குதிரை பக்கவாட்டில் ஆடும், திரி கிண்ணிக்கு வெளியே விழும். ஆணியை மாற்றினால் போதும். அதன் உண்மையான குறை குறிபார்ப்பதில் இருக்கிறது. விரல் நீண்ட தூரம் இழுக்க வேண்டியிருப்பதால், இழுக்கும்போதே குழலின் முனை அசைந்துவிடக்கூடும்.

வில்விசையின் கதை வேறு. கொக்கி குதிரையைக் கவ்வும் விளிம்பு ஆழமாக இருந்தால் விசை கனமாகும், குறி கலையும். ஆழம் குறைந்தால் விசை இளகும். ஆனால் விளிம்பு மழுங்கிய நாளில் தோளில் தட்டினாலே துப்பாக்கி வெடிக்கும். வில் பலமாக இருந்தால் குதிரை கிண்ணியில் மோதித் திரியின் கங்கு உதிர்ந்து அணையும். பலம் குறைந்தால் கங்கு மருந்தில் பதியாமல் மேலோடு நிற்கும். ஆகவே வில்விசையைச் சரியாகப் பதப்படுத்துவது ஒரு நடுநிலையைக் கண்டுபிடிக்கும் வேலை. வில்லின் வலிமை, கொக்கியின் ஆழம், திரியின் நீளம் மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்தியாக வேண்டும்.

ஐரோப்பியப் படைகள் வில்விசையைக் கைவிட்டு நெம்புவிசைக்குப் போனதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இவைதாம்: திரி அணைந்துபோவது, தவறி வெடிப்பது. ஆனால் ஆசியக் கடற்கரைகள் அதைக் கைவிடவில்லை. இந்த முரணை விளக்காத எந்தத் தோற்றக் கொள்கையும் பாதி விடைதான்.

போர்த்துகீசியர் தந்தது என்ற விடை

மிகப் பழைய விடை இது, இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது. இதற்குப் பின்னால் வலுவான சான்றுகளும் உண்டு. வில்விசைத் துப்பாக்கி எங்கெங்கே காணப்படுகிறதோ, அந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் போர்த்துகீசியக் கப்பல்பாதை கிடைக்கிறது. கோவா, மலபார், இலங்கை, மலாய் உலகம், ஜப்பான். மலாய்க்காரர்கள் தங்கள் துப்பாக்கியை இஸ்திங்கார் என்று அழைத்தது எஸ்பிங்கார்தா என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து. கொரியா இந்த வரிசையில் சேர்ந்தது 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்புக்குப் பிறகு, ஜப்பான் வழியாக.

இலங்கையைப் பற்றிப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ எழுதியது இக்கட்சியின் பெருஞ்சான்று. போர்த்துகீசியர் நுழைந்தபோது தீவில் ஒரு துப்பாக்கிகூட இல்லையென்றும், ஓயாத போரால் சிங்களர் அதைக் கற்று, உலகிலேயே சிறந்தவற்றைச் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றும் அவர் பதிவு செய்கிறார். இரண்டாம் பாதியை அப்படியே நம்பலாம். எதிரியின் கைத்திறனைப் புகழ்வதில் அவருக்கு ஆதாயம் இல்லை. முதல் பாதியில் எச்சரிக்கை தேவை. எல்லாம் தம் நாட்டவரோடு வந்ததென்பது பேரரசு வரலாற்றாசிரியர்களின் வழக்கமான தொனி.

மலபாரில் இந்த விடை தடுமாறும் இடம் வேறு. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் இத்தாலியப் பீரங்கி வார்ப்பாளர் இருவர் சேர்ந்து பணியாற்றியதை இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தேமா எழுதியிருக்கிறார். 1504இல் கொச்சியைப் போர்த்துகீசியத் தளபதி துவார்த்தே பச்சேகோ பெரேரா காத்த போரில் எதிரணியிலும் பீரங்கிகள் முழங்கின. ஐரோப்பியத் தொழில்நுட்பம் வந்தது உண்மை. அது போர்த்துகீசியக் கொடியின் கீழ் மட்டும் வந்தது என்பது உண்மையல்ல. கைமாறியது கூலிக்கு வந்த, கட்சி மாறிய கைவினைஞர்கள் வழியாக. அவர்கள் ஆவணம் எழுதுபவர்கள் அல்லர்.

ரூமிகளின் வழி

ஒட்டோமன் துருக்கியரையும் எகிப்திய மம்லூக்கியரையும் இந்தியக் கரையோரத்தில் ரூமி என்றே அழைத்தார்கள். அவர்கள்தாம் மேற்காசியாவிலும் இந்தியாவிலும் துப்பாக்கியைப் பரப்பியவர்கள் என்ற வாதத்தை ஹலில் இனால்சிக் 1970களில் விரிவாக முன்வைத்தார். இந்தியப் பகுதியை இக்திதார் ஆலம் கான் தம் ஆய்வுகளிலும் 2004இல் வந்த நூலிலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். பாபர் 1519இல் பஜௌரில் துப்பாக்கி சுட்டபோது அவ்வூரார் அதைக் கண்டறியாதவர்கள் என்று பாபர்நாமாவே சொல்கிறது. குஜராத்தில் 1531இல் தியூவைக் காத்த முஸ்தபா ரூமிகான் போன்றோர் துருக்கியப் பீரங்கிக் கலையைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வட இந்தியாவுக்கும் தக்காணத்துக்கும் இந்த விடை பொருந்துகிறது. தோரதாரின் நெம்புவிசை துருக்கிய, பாரசீகத் துப்பாக்கிகளின் விசையோடு நெருங்கிய உறவு கொண்டது. மலபாருக்கு வந்தால் தடுக்குகிறது. குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்படைக்கும் சாமூதிரிக்கும் ரூமிகளோடு இருந்த உறவு, கொச்சி அரசருக்குப் போர்த்துகீசியரோடு இருந்ததைப் போலவே ஆழமானது. மலபார்த் துப்பாக்கி ரூமிகளின் கொடை என்றால், அதன் விசை ஏன் ரூமி விசையாக இல்லை? பீரங்கியும் மருந்தும் அவ்வழி வந்திருக்கலாம், கைத்துப்பாக்கியின் பொறி வேறு வழி வந்திருக்கலாம் என்று பிரித்துப் பார்ப்பதே பொருத்தமாகப் படுகிறது.

சீனத்தை முன்னிறுத்தும் வாதமும் உண்டு. கருமருந்து சீனத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஜோசப் நீதாமின் 1986ஆம் ஆண்டுத் தொகுதி அதை நிறுவிவிட்டது. விசைப்பொறியின் கதைக்கு அது அதிகம் உதவவில்லை.

கோவாவின் கலப்பு

மூன்றாவது விடைக்கு அடித்தளம் போர்த்துகீசிய ஆளுநர் அல்பூக்கர்க்கே 1513இல் மன்னர் மானுவேலுக்கு எழுதிய கடிதம். கோவாவில் செய்யப்படும் இரும்புத் துப்பாக்கிகள் ஜெர்மானியத் துப்பாக்கிகளைவிட மேலானவை என்றும், அக்கொல்லர்கள் தமக்கே ஆசான்கள் ஆகிவிட்டார்கள் என்றும் அவர் எழுதினார். கோவா போர்த்துகீசியர் கைக்கு வந்தது 1510இல். மூன்றே ஆண்டில் சுழியத்திலிருந்து இந்தத் திறம் வளராது. பிஜப்பூர் ஆட்சியில் அங்கே துப்பாக்கி செய்யும் மரபு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

ஆயுத வரலாற்றாசிரியரும் சேகரிப்பாளருமான ரைனர் டேன்ஹார்ட் 1994இல் வெளியிட்ட நூலில் இதிலிருந்து ஒரு முழுக் கொள்கையைக் கட்டினார். மத்திய ஐரோப்பிய வில்விசையும் கோவாவின் குழல் செய்யும் கலையும் கலந்து ஒரு புது வகை பிறந்தது, அதுவே கிழக்கே பயணம் செய்து 1543இல் ஜப்பானின் தனேகஷிமா தீவை அடைந்தது என்பது அவர் வாதம். தீவின் தலைவர் தோகிதாகா வாங்கிய இரண்டு துப்பாக்கிகள் லிஸ்பனில் செய்தவை அல்ல, ஆசியாவில் செய்தவை என்று ஆகிறது. ராபர்ட் எல்குட் 1995இல் இந்திய, இஸ்லாமிய உலகத் துப்பாக்கிகளைப் பற்றி எழுதியபோதும் இந்தோ-போர்த்துகீசிய வகை தனி இடம் பெற்றது.

கவர்ச்சியான கொள்கை. நானும் பெரும்பகுதி இதன் பக்கமே சாய்கிறேன். ஆனால் ஓட்டைகளை மறைக்கக் கூடாது. டேன்ஹார்ட் நம்பியிருப்பவை பெரும்பாலும் சேகரிப்புகளில் உள்ள துப்பாக்கிகள். அவற்றில் ஆண்டு பொறித்தவை அரிது. ஒரு துப்பாக்கி கோவாவில் கிடைத்தது என்பதால் கோவாவில் செய்தது என்றாகாது. குழல் ஓரிடத்திலும் விசை வேறிடத்திலும் கட்டை மூன்றாம் இடத்திலும் சேர்ந்திருப்பது சாதாரணம்.

ஜப்பானிலிருந்தே ஒரு மாற்றுக் குரல் வந்திருக்கிறது. வரலாற்றாசிரியர் உதகாவா தகெஹிசா தனேகஷிமாவின் ஒற்றைத் தோற்றக் கதையைக் கேள்விக்குள்ளாக்கி, தென்கிழக்காசியத் துப்பாக்கிகளைக் கிழக்காசியக் கடல்வணிகர்களும் கொள்ளையரும் பல துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தார்கள் என்று வாதிட்டார். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அங்கே ஏராளமான வெடிகருவிகளைக் கண்டார்கள் என்பதும் இதற்குத் துணை. இதை ஏற்றால் கோவாவிலிருந்து கிழக்கே ஓடிய ஒற்றை ஆறு என்ற படம் கலைகிறது. மலபார், மலாக்கா, இலங்கை மூன்றும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்ட ஒரு கடல்வெளி தெரிகிறது. மலபார் வணிகர்களும் தமிழ் வணிகர்களும் மலாக்காவில் எத்தனை செல்வாக்கோடு இருந்தார்கள் என்பதை நினைத்தால் இது நடக்கக்கூடியதே.

ஜப்பானிய மரபுக் கதையில் ஒரு நுணுக்கம் கவனத்துக்குரியது. 1606இல் எழுதப்பட்ட தெப்போகி வரலாற்றின்படி, தனேகஷிமாக் கொல்லருக்குத் திகைப்பூட்டியது குழலின் அடியை அடைக்கும் திருகாணிதான். அதைக் கற்றுத்தர அடுத்த ஆண்டு ஒரு வெளிநாட்டுக் கொல்லர் வரவேண்டியிருந்தது. பார்த்துச் செய்துவிடக்கூடியது எது, ஆள் வந்து கற்பிக்க வேண்டியது எது என்ற வேறுபாடு இங்கே துலங்குகிறது. பரவலின் வரலாற்றை இந்த வேறுபாட்டைக் கொண்டே எழுத வேண்டும்.

திரி ஏன் நிலைத்தது

இரண்டாவது கேள்விக்கு முதலில் வந்த விடை தேக்கம். இந்தியக் கைவினைஞர் புதியதை ஏற்கவில்லை என்ற காலனியகாலத் தீர்ப்பு அது. அஹ்சன் ஜான் கைசர் 1982இல் இதைச் செப்பமான வரலாற்றுக் கேள்வியாக மாற்றினார்: எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள், ஏன்? துல்லியமான திருகாணி, பதமிட்ட எஃகு வில் போன்றவை இந்தியப் பட்டறைகளில் எளிதாகக் கிடைக்காதது ஒரு தடையாக இருந்திருக்கலாம் என்பது இந்த விவாதத்தில் அடிக்கடி வரும் கருத்து. இந்தியக் குழல்களின் அடி பெரும்பாலும் திருகாமல் அடித்து இணைக்கப்பட்டிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் திறமையின்மை என்ற விளக்கம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. அக்பரின் பட்டறையில் திரியில்லாமலே, குதிரையின் சிறு அசைவால் சுடும் துப்பாக்கி செய்யப்பட்டதாக ஆயினி அக்பரி சொல்கிறது. அது உருள்சக்கர விசையா வேறொன்றா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எதுவானாலும், செய்ய முடிந்தது என்று தெரிகிறது. பரவவில்லை என்றும் தெரிகிறது. கண்டியில் சிங்களக் கொல்லர்கள் சக்கிமுக்கிக் கல் விசையையே எடுத்துத் தங்கள் பாணியில், பெரும்பாலும் இடப்புறத்தில் அமைத்தார்கள். 2023 டிசம்பரில் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பித்தந்த ஆறு கலைப்பொருட்களில் பீரங்கியோடு துப்பாக்கிகள் இரண்டும் இருந்தன. அந்தக் கைத்திறனுக்கு அவையே சாட்சி. சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பட்டறைகள் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் ஐரோப்பியத் தரத்துக்குக் குறைந்தவை அல்ல.

எனவே செலவையும் பராமரிப்பையும் நோக்கும் விளக்கம் வலுப்பெறுகிறது. கல் விசைக்கு நல்ல கல் வேண்டும்; சில டஜன் சுடுகளில் அது தேயும், மாற்ற வேண்டும். மோதும் எஃகு முகம் சரியான கடினத்தில் இல்லையென்றால் பொறி பறக்காது. திரிக்கோ நூலும் வெடியுப்பும் போதும். ஊர்க்கொல்லன் எவனும் பழுது பார்க்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் திரி அணையும் என்பது உண்மைதான். ஆனால் ஈரக்கிண்ணியில் கல்லின் பொறியும் உதவாது. மழை இரண்டுக்கும் பகை.

திருவிதாங்கூர் காட்டும் மாற்றம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1741 ஆகஸ்ட் 10 குளச்சல் போருக்குப் பின் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணிக்கு வந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் உதயகிரிக் கோட்டையில் வார்ப்பாலை அமைத்து, ஐரோப்பிய முறையில் படையைப் பயிற்றுவித்தார். டச்சுக் கம்பெனியிடம் மிளகுக்கு ஈடாக ஆயுதம் வாங்கும் ஏற்பாடும் வந்தது. அணிவகுத்து ஒரே நேரத்தில் சுடும் படைக்குக் கல் விசை பெரிதும் ஏற்றது. எரியும் திரியோடு தோளுரசி நிற்பது ஆபத்து. காட்டிலும் வரப்பிலும் தனியாக மறைந்து சுடுபவனுக்கு அந்த அவசரம் இல்லை. மாறியது போர்முறை, அதற்கேற்ப விசை மாறியது. பாளையக்காரர் போர்களில் திரித் துப்பாக்கி நீடித்ததற்கும் இதே விளக்கம் ஓரளவு பொருந்தும்.

பித்தளை வில்

இவ்வளவு விவாதத்திலும் போதிய கவனம் பெறாத ஒன்று வில்லின் உலோகம். மலபார், மலாய், ஜப்பானிய வில்விசைகளில் தகடும் வில்லும் பெரும்பாலும் பித்தளை. ஐரோப்பிய விசையில் எஃகு.

எஃகு வில்லைச் செய்ய நெருப்பில் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதமிட வேண்டும். சூடு சற்றுத் தவறினால் வில் உடையும் அல்லது தொய்யும். பித்தளைக்கு இந்தக் கலை தேவையில்லை. குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடிக்க அடிக்க அது இறுகும்; அதிகம் இறுகினால் சுட்டு இளக்கலாம். விளக்கும் உருளியும் செய்யும் மூசாரிக்கும் கன்னாருக்கும் இது அன்றாட வேலை. பித்தளை வில் வலிமை குறைந்தது என்பது குறையாகச் சொல்லப்படும். திரி விசைக்கு அதுவே நிறை. குதிரை மென்மையாக விழும், கங்கு அணையாது. கல் விசைக்கு வேண்டிய வன்மையான அடி திரிக்கு வேண்டியதில்லை. உப்புக்காற்றில் துரு ஏறாது. வில் வெளியே இருப்பதால் தொய்ந்தால் கழற்றி, இரண்டு தட்டுத் தட்டி மறுபடி மாட்டலாம்.

ஐரோப்பா கைவிட்ட வில்விசையை ஆசியக் கரைகள் ஏன் வைத்துக்கொண்டன என்ற முரணுக்கு இது ஒரு விடையாகலாம். ஐரோப்பியக் கோளாறு எஃகு வில்லின் கோளாறு. பித்தளை அதைத் தீர்த்துவிட்டது. கருதுகோள் என்ற அளவில்தான் இதைச் சொல்ல முடியும். பித்தளையைத் தெரிந்தே தேர்ந்தார்களா, கையில் இருந்ததைப் பயன்படுத்தினார்களா என்பதை விசைகளைச் சோதிக்காமல் முடிவு கட்ட முடியாது.

இன்னும் திறந்திருப்பவை

விடைகளின் இன்றைய நிலை இதுதான். கருமருந்தும் பீரங்கியும் பல வழிகளில் வந்தன என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. மலபார் வில்விசைக்கு ஐரோப்பிய முன்மாதிரி இருந்திருப்பது மிகவும் சாத்தியம். அதை நீடிக்கும் பொறியாக மாற்றியவர்கள் மேற்குக்கரைக் கொல்லர்கள் என்பதும் சாத்தியம். அந்த மாற்றம் கோவாவில் மட்டும் நடந்ததா, கொச்சி, கண்ணூர், கள்ளிக்கோட்டைப் பட்டறைகளுக்குப் பங்கு உண்டா, மலாக்காவிலிருந்து ஏதேனும் திரும்பி வந்ததா என்பவை தீராத கேள்விகள். ஆவணங்கள் இவற்றைத் தீர்க்கும் என்று தோன்றவில்லை.

உலோகம் தீர்க்கக்கூடும். பழைய ஐரோப்பியப் பித்தளை செம்பைத் துத்தநாகத் தாதுவோடு சேர்த்துச் சுட்டு எடுத்தது. அம்முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம். ராஜஸ்தானின் ஜாவரிலும் சீனத்திலும் துத்தநாகத்தைத் தனி உலோகமாகவே எடுத்தார்கள். அதைக் கலந்தால் அளவு மேலே போகும். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றது 1738இல்தான். ஆகவே 16, 17ஆம் நூற்றாண்டு விசைத்தகடு ஒன்றில் துத்தநாகம் அந்த எல்லைக்கு வெகுவாக மேலே இருந்தால், அதன் உலோகம் ஆசியப் பட்டறையை நோக்கிக் கைகாட்டும். இதற்கும் வரம்பு உண்டு: ஆசியத் துத்தநாகம் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது, பழம்பித்தளையை உருக்கி மறுபடி வார்ப்பதும் வழக்கம். ஒரு விசை எதையும் நிறுவாது. நூறு விசைகள் நிறுவலாம்.

எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் பொருளைச் சுரண்டாமலே இந்த அளவை எடுக்கலாம். அதோடு வில்லின் தடிமன், கொக்கி விளிம்பின் ஆழம், அச்சாணியின் தேய்மானம், பிற்காலத்துப் பழுதுபார்ப்பின் தடம் ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அலங்காரத்தைப் படமெடுத்து வெளியிடும் அருங்காட்சியகப் பட்டியல்கள் விசையைத் திறந்து காட்டுவது மிக அரிது. திருப்பூணித்துறை ஹில் பேலஸ், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சாவூர் ஆயுதங்கள், கொழும்பு தேசிய அருங்காட்சியகம், லிஸ்பன் சேகரிப்புகள் ஆகியவை ஒரே அளவுமுறையில் தங்கள் பழைய துப்பாக்கிகளின் விசைகளை அளந்து வெளியிட்டால் இந்த விவாதம் ஊகத்திலிருந்து விடுபடும். தொல்லியல் துறைகளும் பல்கலைக்கழக உலோகவியல் துறைகளும் சேர்ந்தால் செலவும் பெரிதாகாது. வெளியே இருக்கும் பித்தளை விற்கள் காலப்போக்கில் வெடிக்கக்கூடும். புதுப்பிப்பு என்ற பெயரில் மாற்றுவில் பொருத்துவதும் நடக்கிறது. அதற்கு முன் அளவெடுப்பதை அந்நிறுவனங்கள் தொடங்க வேண்டும்.